நாலாம் பக்கத்திலிருந்து வந்த ராஜா

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வாரப் பத்திரிகையின் முப்பத்தோராயிரம் பிரதிகளிலும், நாலாம் பக்கத்துச் சதுரங்கப் புதிரிலிருந்து கறுப்பு ராஜா வெளியேறினார். ஏழு மணிக்கே பத்திரிகையைப் பிரித்தவர்கள் அவரைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஏழரைக்குப் பிரித்தவர்களுக்கு அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் இருந்தது, அதுவும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக. மற்றபடி பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. வானிலை, குறுக்கெழுத்து, ‘காணவில்லை’ விளம்பரங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. புதிருக்கு மேலே ‘வெள்ளை ஆடி மூன்றே நகர்வில் செக்மேட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யாருக்கு மேட் என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஊரில் புதிர்க்காரர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். சதுரங்கம் ஆடுகிறவர்கள் வேறு, இவர்கள் வேறு. ஆடுகிறவர்களுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அவரை ஜெயித்தாகவும் வேண்டும். இவர்களுக்கு இரண்டும் வேண்டாம். ஒருவர் பலகையில் காய்களை ஒரு கோலத்தில் நிறுத்திவைப்பார், மற்றவர்கள் அதற்கு விடை தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். விடைக்கு முதல் நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதாக ஒன்று கிளம்பிவிட்டால், ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கியதுபோல, போட்டவர் வெளியே தலைகாட்ட முடியாது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த கூடத்தில் மாதம் ஒருமுறை கூடி, இப்படி யாராவது ஒருவர் மானம் போவதைத் தேநீரோடு ரசிப்பது அவர்கள் வழக்கம். ராஜா காணாமல் போன அன்று மாலைக்குள் பத்திரிகை அலுவலகத்துக்கு நாற்பது தொலைபேசி அழைப்புகள் வந்தன. அந்தக் கூட்டத்திலேயே மகா கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பல் மருத்துவர் மட்டும் அழைக்கவில்லை, கடிதம் எழுதினார். ராஜாவே இல்லாத பலகையில் வெள்ளை ஏற்கெனவே ஜெயித்தாயிற்று, ஆகவே விடை பூஜ்ஜியம் நகர்வு, முழு மதிப்பெண்ணும் தனக்கே சேர வேண்டும் என்பது அவர் வாதம்.

புதிர்ப் பத்தியின் ஆசிரியர் ஓய்வு பெற்ற நில அளவையாளர், கோடும் கட்டமும் என்றால் உயிரை விடுவார். வெள்ளிக்கிழமை தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளைத் தேடி எடுத்தார். அதிலும் ராஜா இல்லை, கையெழுத்து மட்டும் இருந்தது. அடுத்த வாரம் திருத்தத்தோடு மறுபடி அச்சிட்டார்கள், கட்டம் காலியாகவே வந்தது. பக்கத்துப் புதிரிலிருந்து வேறொரு ராஜாவை எடுத்து அந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார்கள். அவர் மசியாகக் கலங்கிப்போனார். அச்சகத்துக்காரர் இருபது வருடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, பார்க்க வேண்டிய மற்ற வேலையைப் பார்க்கப் போனார்.

புதிரைப் போட்டவள் கண்ணாடிக் கடைக்காரி. கடைத்தெருவில் எட்டடிக்குப் பத்தடி இடத்தில், முன்பக்கம் கண் பரிசோதனை அட்டையும் பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமுமாக உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடத்தில் இருநூற்றுப் பதினாலு புதிர்கள் போட்டிருந்தாள், அத்தனையும் செக்மேட். கறுப்பு ராஜாவின் தப்பும் வழிகளை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே வந்து கடைசி வெட்டைப் பிசிறில்லாமல் முடிப்பாள் என்பதால் புதிர்க்காரர்கள் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவளுக்கு அதில் சந்தோஷம்தான். இந்தக் கடைசிப் புதிர் ஆறே காய்களில் அமைந்தது. வெள்ளை ராணிக்கு, பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு நகர்வு அதில் உண்டு. ஆசைப்பட்டு அதை வைத்தால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது, ஆட்டம் அங்கேயே சமநிலையில் முடிந்து எல்லாம் வீணாகிவிடும். விடுவிப்பவர்கள் விழுவதற்கென்று அவள் தோண்டிய குழி அது. பத்து வருடத்துக்கொருமுறை உலகப் புதிர்ச் சங்கம் தேர்ந்தெடுத்து வெளியிடும் தொகுப்பில் இந்தப் புதிருக்கு இடம் உறுதி என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். தொகுப்பில் வரும் புதிருக்கு ஒரு புள்ளி, மூவர் சேர்ந்து போட்டதென்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ‘மேதை’ பட்டத்துக்கு இருபத்தைந்து புள்ளிகள் வேண்டும். அவளிடம் இருபத்து நாலும் மூன்றில் ஒரு பங்கும் இருந்தது. இந்த ஒன்று வந்தால் போதும்.

ராஜா வெளியேறிய அன்று காலை பத்து மணிக்கு அவள் வீட்டு அழைப்புமணி அடித்தது. திறந்தவள் அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள், வாசலில் நிற்கிறவர்களிடமும் லைன் சரியில்லாததுபோல் உரக்கத்தான் பேசுவாள். அவளுக்கு இரண்டு முறை கல்யாணப் பேச்சு வந்தது, இரண்டு முறையும் லைன் கட்டாகிவிட்டது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். வெளியே குட்டையாக, இடுப்பு சிறுத்து அடிப்பக்கம் அகன்ற ஒரு மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டில் நின்றிருந்தார். தொப்பியின் உச்சியில் ஒரு சின்னக் குமிழ். மேலெல்லாம் புது அச்சு மை வாசனை.

“யாரைப் பாக்கணும்?”

“புதிர் போடற அம்மாவை.”

“எங்கேருந்து வரீங்க?”

“நாலாம் பக்கத்துலேருந்து.”

அக்கா அதை ஏதோ தெருப்பெயர் என்று எடுத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டாள். அவர் ஓரடி வைத்து நிலைப்படி தாண்டினார், அங்கேயே நின்றுவிட்டார். வாங்க, வாங்க என்று இரண்டு முறை சொல்லியும் நகரவில்லை. “நீங்க ஒரு அடி வெச்சீங்கன்னாதான் நான் அடுத்த அடி வைக்க முடியும்” என்றார் கூச்சத்தோடு. அக்கா பின்னால் ஓரடி வைத்தாள், அவர் முன்னால் ஓரடி வைத்தார். இப்படியே நாற்காலிவரை வந்து சேரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. சத்தம் கேட்டுக் கையில் மூக்குக்கண்ணாடித் திருப்புளியோடு வந்த கத்திரிக்கு அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தான் வைத்த காயைத் தனக்கே அடையாளம் தெரியாமல் போகுமா?

“நீங்க அங்க இல்ல இருக்கணும்?”

“இருந்தேன்மா. ராத்திரி அச்சாகி வந்ததுலேருந்து எல்லா வழியையும் பாத்துட்டேன். இந்தப் பக்கம் போனா குதிரை, அந்தப் பக்கம் போனா ராணி. உங்க கணக்குல ஒரு ஓட்டையும் இல்ல. பலகைக்குள்ள இருந்தா மூணே நகர்வுதான். அதான் வெளிய வந்துட்டேன்.”

இருபத்தாறு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். முகம் சிவந்து, திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

அவர் ஏழு வாரம் அந்த வீட்டில் இருந்தார். யாருக்கும் பாரமில்லை, யாராவது நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அக்கா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இருபது அடி வைப்பாள். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதவள், இரண்டே வாரத்தில் இளைத்து, சர்க்கரை அளவும் இறங்கி, தன் பழைய சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். நடந்துகொண்டே அவருக்குத் தொலைபேசி நிலையக் கதைகளைச் சொல்வாள். ஒரே நேரத்தில் இரண்டு காதலிகளோடு பேசியவனுக்கு வேண்டுமென்றே இணைப்பை மாற்றிக் கொடுத்த கதையை அவர் மூன்று முறை கேட்டு வாங்கினார். குடியிருப்புச் சங்கத் தலைவர் வந்தால் மட்டும் ராஜா அவருக்கும் தனக்கும் நடுவே ஒரு கட்டம் இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இரண்டு ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. தலைவருக்கு விதி தெரியாது, மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

கடைக்கு விடுமுறையான ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கத்திரி தயங்கித் தயங்கி அவரிடம் மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரைப் பற்றிக் கேட்டாள்.

“நல்லா இருக்காங்க” என்றார். “உங்க மேல யாருக்கும் வருத்தம் கிடையாது. நூத்தி நாப்பதாவது புதிர்ல நிக்கறவர் மட்டும் ஒண்ணு சொன்னார். அந்தக் குதிரையை அவ்வளவு தள்ளி வெச்சிருக்க வேணாமாம். அது வர்றதைப் பாத்துக்கிட்டே நிக்க வேண்டியிருக்காம்.”

“வலிக்குமா?”

“வலிக்காதும்மா. ஆனா ஒரு தடவையோட முடிஞ்சா பரவாயில்ல. ஒவ்வொருத்தர் கண்டுபிடிக்கும்போதும் முதல்லேருந்து.”

அந்த வாரம் அவள் ஒரு வாடிக்கையாளருக்கு இடதுகண் லென்ஸை வலதிலும் வலதுகண் லென்ஸை இடதிலும் பொருத்திக் கொடுத்தாள். கடை திறந்த நாளிலிருந்து நடக்காத தவறு. அவர் திரும்பி வந்து, உலகம் கொஞ்சம் சாய்வாகத் தெரிகிறது, ஆனால் மோசமில்லை என்றார்.

இதற்கிடையே உலகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் எல்லாக் காய்களோடும் புதிர் அச்சில் வராவிட்டால் தொகுப்பில் இடமில்லை. ராஜா யார் வீட்டில் இருக்கிறார் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது, புதிர்க்காரர்கள் அவசரக் கூட்டம் போட்டார்கள். புதிர் ஆடி முடிக்கப்படும்வரை காய்கள் பலகையை விட்டு அகலக் கூடாது என்ற விதியைப் பல் மருத்துவர் எடுத்து வாசித்தார். அவர் கெட்டவர் அல்ல. விடை தெரியாத ஒன்று பக்கத்தில் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். ராஜாவை மனதில் நிறுத்திக்கொண்டு ஏழு வாரம் முயன்று, ஏழு வாரமும் அதே குழியில் விழுந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். பத்தி ஆசிரியர் ஒரு வழி சொன்னார். கூடத்தின் தரை கறுப்பு வெள்ளைக் கற்கள் பாவியது. அதில் எட்டுக்கு எட்டாக எல்லை போட்டு, ஆட்களையே காய்களாக நிறுத்தி, புதிரை ஒருமுறை மேட்வரை ஆடிவிட்டால் ராஜா தானாகப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்.

கத்திரி இதை வீட்டில் வந்து சொன்னபோது ராஜா ஜன்னலோரம் நின்றிருந்தார். வெகுநேரம் யோசிக்கவில்லை.

“எத்தனை நாள்தான் ஓடறது? அம்மாவுக்கு அந்த ஒரு புள்ளி கிடைக்கட்டும். நான் வரேன்.”

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போன தங்கையிடம் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்: “இவர் போயிட்டா நான் யாரோட நடக்கறது?”

“அக்கா...”

“ஒண்ணும் பேசாத. உனக்குப் பட்டம் வேணும், வாங்கிக்க. மரப்பொம்மையை நகத்தறதுக்கெல்லாம் பட்டம்!” அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த வீட்டில் சகோதரிகளுக்குள் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட ராஜா வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

ஆட்டத்தன்று காலை எட்டு மணிக்கு அக்காவும் ராஜாவும் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். அவள் ஓரடி, அவர் ஓரடி. மூன்று தெருத் தள்ளியிருந்த கூடத்துக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆயிற்று. நாற்சந்தியில் பேருந்துகள் வரிசையாக நின்றன. போக்குவரத்துக் காவலர் முதலில் விசில் ஊதினார், பிறகு நிலவரம் புரிந்து, அவர்கள் அடி வைப்பதற்கேற்ப ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை ஊதினார். அக்கா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் மெதுவாகப் பேசியது அன்றுதான்.

கூடத்தில் இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். வெள்ளை ராஜாவாகப் பத்தி ஆசிரியர் போய் நின்றார். வெள்ளைக் குதிரையாகப் பல் மருத்துவர். வெள்ளைச் சிப்பாயாகக் கீழே சைக்கிள் கடைக்காரர், கையில் எண்ணெய்க் கறையோடு. அவருக்கு நேரெதிரே, மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி, கறுப்புச் சிப்பாய் ஒன்று வேண்டும். நான் நிக்கறேன் என்று அக்கா முன்னால் வந்தாள்.

“நீங்க எங்கயும் நகர முடியாதும்மா” என்றார் பத்தி ஆசிரியர். “எதிர்ல வழி அடைச்சிருக்கு.”

“எனக்கு அது புதுசா?” என்று சொல்லிவிட்டு நின்றாள்.

ராஜா தன் கட்டத்தில் போய் நின்று கோட்டின் மேல் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். கடைசியாகக் கத்திரி வெள்ளை ராணியின் இடத்துக்கு வந்தாள். நகர்வு வெள்ளையுடையது. குதிரை நகர வேண்டும், எங்கே என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயிலிருந்து அந்தக் கட்டம் வர வேண்டியதுதான் பாக்கி. பல் மருத்துவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சைக்கிள் கடைக்காரரின் சட்டைப் பொத்தானை முறைத்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. கத்திரி ராஜாவைப் பார்த்தாள். அவர் சிரித்து, பயப்படாதீங்க என்பதுபோல் தலையை ஆட்டினார். காய் வைத்தவளுக்குக் காய் தைரியம் சொல்கிறது. அவள் குதிரைக்கு ஒன்றும் சொல்லாமல், தானே நேராக நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கட்டம். நின்றாள்.

பத்தி ஆசிரியர்தான் முதலில் எண்ணி முடித்தார். ராஜாவுக்குச் செக் இல்லை. சுற்றியுள்ள எல்லாக் கட்டமும் அடைபட்டிருக்கிறது. சிப்பாய் முட்டிக்கொண்டு நிற்கிறது. கறுப்புக்கு நகர்வே இல்லை. கத்திரி, தான் தோண்டிய குழியில், தானே இறங்கி நின்றிருந்தாள்.

“சமநிலை” என்றார் பத்தி ஆசிரியர். “ஆட்டம் முடிஞ்சது.”

மேட் இல்லாமல் ஆட்டம் முடிந்தால் எந்தக் காயும் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. அது யாருக்கும் உடனே உறைக்கவில்லை, ராஜாவுக்கே உறைக்கவில்லை. அவர் பழக்கத்தில் ஓரடி வைத்தார், வைத்துவிட்டு வேறு யாராவது அசைவதற்காக நின்றார். எல்லோரும் சிலையாக நின்றிருந்தார்கள். அவருடைய இன்னொரு கால் தானாக முன்னால் வந்தது. குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மறுபடி ஓரடி. மறுபடி. பிறகு கூடத்தைச் சுற்றி வர ஆரம்பித்தார், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, கோட்டு நுனி பறக்க.

“இருங்க, இருங்க, நானும் வரேன்!” என்று கத்திக்கொண்டு அக்கா தன் கட்டத்தை விட்டு ஓடினாள்.

பல் மருத்துவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப அசல் விடை என்ன?” என்று கேட்ட குரல் அழாத குறை. கத்திரிக்குப் பாவமாக இருந்தது. குனிந்து அவர் காதில் சொன்னாள். அவர் கண்ணை மூடி, மனதுக்குள் மூன்று நகர்வையும் ஆடிப் பார்த்தார். “அடடா” என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை “அடடா” என்றார். அதை அவர் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூட.

தொகுப்பில் புதிர் வரவில்லை. கத்திரியின் கணக்கு இன்றும் இருபத்து நாலும் மூன்றில் ஒரு பங்கும்தான். முதல் சில மாதம், உலகச் சங்கத்தின் முத்திரையோடு கடிதம் எது வந்தாலும் பிரிக்காமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருப்பாள், பிறகு அதுவும் சரியாகிவிட்டது. அதற்குப் பின் அவள் போடும் புதிர்களில் ‘கறுப்பு ஆடித் தப்பிக்கிறது’ என்றுதான் தலைப்பு வருகிறது. அவை முந்தியவற்றைவிடக் கடினம் என்று புதிர்க்காரர்கள் புலம்புகிறார்கள். கொல்வதற்குப் பல வழி உண்டாம், தப்பிக்க ஒரே ஒரு வழிதானாம். பெயரை மாற்றலாமா என்று ஒருமுறை கூட்டத்தில் பேச்சு வந்தது. வேண்டாம், கத்திரியே இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அக்காவின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். மாப்பிள்ளை யோசித்து ‘பலகை’ என்றார். அப்படி ஓர் ஊர் எங்கோ இருக்கும் என்று எழுத்தர் எழுதிக்கொண்டார். காலையில் இருவரும் பூங்காவில் நடக்கிறார்கள். அவர் முன்னால் போய்விடுகிறார், இவள் நாலு தெருவுக்குக் கேட்கிற குரலில் திட்டிக்கொண்டே பின்னால் போகிறாள். பகலில் அவர் கண்ணாடிக் கடையில் முன்பக்கம் நின்று, வருகிறவர்களின் முகத்துக்குச் சட்டம் பொருத்திப் பார்க்கிறார். நல்ல கை என்று பெயர். போன மாதம் புதிதாக வந்த ஓர் அம்மாள், தலைமுதல் கால்வரை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே எட்டி, “அவர் யாரு, புதுசா இருக்காரே?” என்று கேட்டார்.

“எங்க அத்தான்” என்றாள் கத்திரி, இயந்திரத்தை நிறுத்தாமல்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றாள்.